சொல்லச் சொல்ல எழுதிய டீச்சர்

என் மகளுக்குப் பாடமெல்லாம் தெரியும். எழுத உட்கார்ந்தால்தான் எழுத்துகள் குழம்பிவிடும். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வருவாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறொரு பள்ளி டீச்சரைப் போட்டிருந்தார்கள். முதல் தேர்வன்று ஆவடியில் தேர்வு மையத்தின் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றேன்.

டீச்சர் குள்ளமாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தபடி அவளுடன் வெளியே வந்தார்.

"எப்படிப் பண்ணா டீச்சர்?"

"பதிலப் பத்தி நான் வாயத் தொறக்கக் கூடாதும்மா. சொன்னத அப்படியே எழுதுறதுதான் என் வேல."

என் முகம் வாடியதைப் பார்த்து வலது கையை நீட்டினார்.

"ஆனா கை இன்னா வலி வலிக்குது பாருங்க! மூச்சு உடாம சொல்லிகினே இருந்தா."

அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமே வரவில்லை.