மஞ்சுளா மேடமும் ஒரு வண்டல் குட்டையும்

இல்லை, சைட்டில் அல்ல. வீட்டில். மஞ்சுளா மேடம் இறந்தது எங்கே என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தலைக்கவசமும் பூட்ஸும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூர் பக்கத்துத் தளியில், தன் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவருடைய தம்பி போனில் சொன்னார். "அக்கா போயிட்டாங்க மேடம்." பிறகு கன்னடத்தில் ஏதோ. எனக்குக் கன்னடம் தெரியாது. போனை வைக்கவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா அவர்கள் பேரிகை சாலையில் எழுந்துவரும் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்தில் சுற்றுச்சூழல் பொறியாளர். நான் அங்கேயே வரைபடப் பிரிவில். வெட்டிய மண்ணையும் சிமென்ட் கழுவிய தண்ணீரையும் மழை அள்ளிக்கொண்டு வெளியே போகாமல் தடுப்பது அவர் வேலை. கீழே ஓர் ஏரி. ஏரிக்குக் கீழே தக்காளியும் கொத்தமல்லியும்.

நான் சேர்ந்த நாளில் கேட்டருகே டிப்பர் ஒன்றை மறித்து நின்றிருந்தார். சக்கரம் முழுக்கச் சேறு.

"இன்னாக்கா, டயருக்குப் பவுடர் அடிச்சி அனுப்பட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"பவுடர் வேணாம்ப்பா. குளிச்சிட்டுப் போனா போதும். நீ ரோட்ல உதுத்துட்டுப் போற மண்ணு, மழை வந்தா எங்க போவும்? உங்க மாமியார் ஊட்டுக்கா?"

"போனா நல்லதுதாங்க்கா."

மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் கழுவாமல் வண்டி நகரவில்லை.

இதை மட்டும் சொன்னால் அவர் எளிதான மனிதராகிவிடுவார். அப்படி இல்லை.

சரிவின் அடியில், சேற்றைப் பிடித்து நிறுத்தும் கெட்டித் துணியை வேலியாகக் கட்ட வேண்டும். வந்து இறங்கியது பச்சை நிழல்வலை. ஓசூரைச் சுற்றி ரோஜாத் தோட்டங்களுக்குப் போடும் அதே வலை. அவர் வீட்டிலும் ரோஜா உண்டு. வலையை விரலால் இழுத்துப் பார்த்து, "இது வெயில வடிகட்டும். சேத்த வடிகட்டாது" என்றார்.

தள மேலாளர் சொன்னார்: "போட்டோல பச்சையா தெரியுதில்ல மேடம்? ஆடிட் முடியட்டும், மாத்திரலாம்."

மஞ்சுளா மேடம் கட்டச் சொன்னார். ஆமாம், அவரேதான். இந்த இடத்தில் அவரைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. அவரும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதில்லை.

வலையை மாற்றுவதற்குள் கோடைமழை வந்தது. மறுநாள் ஏரி செங்கல் நிறம்.

ஏரிக்கடியில் தக்காளி போட்டிருந்த நாகம்மா ஒரு தண்ணீர் கேனோடு அலுவலகத்துக்குள் வந்தார். மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்பு.

"குடிங்கம்மா. படிச்சவங்க. நீங்க குடிச்சா எங்க மாடும் குடிக்கும்."

மேலாளர், மழை அதிகம் என்று ஏதோ தொடங்கினார். மஞ்சுளா மேடம் எழுந்து நின்றார்.

"வலை கட்டச் சொன்னது நான்தாம்மா. அதுல சேறு நிக்காதுன்னு தெரிஞ்சேதான் கட்டுனேன்."

"தெரிஞ்சேவா?" நாகம்மா அவர் பக்கம் திரும்பினார். "தெரியாமப் பண்ணியிருந்தாலாச்சும் திட்டிட்டுப் போயிருப்பேன்."

போய்விட்டார். கேனை எடுத்துச் செல்லவில்லை. அதைத் தன் மேசையிலிருந்து அகற்ற மஞ்சுளா மேடம் யாரையும் விடவில்லை. மெல்ல மெல்ல மண் அடியில் படிந்தது. "பாரு, நிறுத்தி வெச்சாதான் தெளியுது" என்றார் என்னிடம்.

குட்டை அப்படித்தான் வந்தது. சைட்டின் தாழ்ந்த மூலையில், கார் நிறுத்த ஒதுக்கிய இடத்தில். மழைநீர் அங்கே நின்று, வண்டலை இறக்கிவிட்டுப் பிறகு வெளியேறும். அதற்காக அவர் சண்டை போட்டார். கெஞ்சினார். ஒரு கூட்டத்தில் அழுதார். அழுததற்காகத் தன்மீதே கோபப்பட்டார். குட்டைக்கு 'மஞ்சுளா டேம்' என்று பெயர் வைத்தார்கள்.

"டேம்ல மீனு வுட்டுட்டீங்களா மேடம்?"

"நீங்க மிக்சர் லாரியக் கழுவி ஊத்தாம இருங்க. தானா வரும்."

ஏரி தெளிந்ததா? கொஞ்சம். நாகம்மா அவரோடு பேசினாரா? இல்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை மஞ்சுளா மேடம் நியாயம் என்றே நினைத்தார். சரிவில் புல் பிடிக்கும்வரை குட்டை இருந்தாக வேண்டும் என்பார். "தொறந்த மண்ண மூடுற வரைக்கும் நாம வேல முடிச்சவங்க இல்ல."

புல் இன்னும் பிடிக்கவில்லை. ஐப்பசி வருகிறது.

தளியில், அவர் வீட்டு முன் போட்டிருந்த பந்தலில், மேலாளர் என் பக்கத்தில் நின்றார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் அந்தக் குட்டைய மூடிரலாம்மா. டிராயிங்ல எடுத்துடுங்க. அவங்க இருக்கறப்ப பண்ணியிருந்தா மனசு கஷ்டப்பட்டிருப்பாங்க, பாவம்."

நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன்.

மஞ்சுளா மேடத்தைக் கொண்டுபோனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றோம். திரும்பியபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் அவருடைய பூட்ஸ். அத்தனை சக்கரங்களையும் கழுவவைத்தவர் அதைக் கழுவியதே இல்லை. குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் அதன்மேல் பட்டு, சைட்டின் செம்மண் கரைந்து, படியிறங்கி, தெருச் சாக்கடையை நோக்கி ஓடியது. நான் குனிந்து கையை வைத்துத் தடுத்தேன். விரல் இடுக்கில் நீர் போய்க்கொண்டே இருந்தது. அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

மேடம், இனி மேகத்தைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். அந்தப் பதற்றம் எங்களுக்கு.

மறுநாள் குட்டையை வரைபடத்திலிருந்து எடுக்கவில்லை. மாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், ஏரிக்கரை வழியாக நடந்து, நாகம்மாவின் வீட்டை விசாரித்துப் போனேன். அடுத்த வாரம் குட்டையை மூடப் போகிறார்கள், இனி சேறு ஏரிக்குத்தான் வரும் என்று சொன்னேன்.