கரடிக்குள் நான், டைனோசருக்குள் அவன்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆர்டர் வராமல் போன சமயம் அது. கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரான தருமபுரிக்குத் திரும்பினால் ஆளாளுக்குக் காரணம் கேட்பார்கள். அதனால் நூம்பலில் எடுத்திருந்த அறையிலேயே தங்கிக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டிருந்த பொருட்காட்சியில் சாயங்கால வேலைக்குச் சேர்ந்தேன். கரடி வேஷம். வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும், செல்ஃபிக்கு நிற்க வேண்டும்.

வாசலின் இன்னொரு பக்கம் டைனோசர் நிற்கும். அதற்குள் இருந்தவன் பூந்தமல்லிக்காரன், என் வயதுதான். அவன் அத்தா செருப்புக்கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்தவன். அவனுடையது காற்றடைத்த உடை. இடுப்பில் ஒரு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் டைனோசரை நிமிர்த்தி வைத்திருக்கும். என்னுடையது கனமான மயிர்த்துணி. கரடியின் வாயில் தைத்திருந்த வலை வழியாகத்தான் உலகம் தெரியும். அதுவும் பாதிதான் தெரியும்.

கூட்டம் குறைவாக இருந்ததால் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது.

"இன்னைலருந்து தினமும் ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நான் மைக்ல சொல்லிடுறேன்."

"யாரு சார் ஜெயிக்கணும்?" என்று கேட்டேன்.

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "டைனோசர்தான். பாத்தாலே தெரியலையா?"

டைனோசரே ஒத்துக்கொள்ளவில்லை. "அதெப்டி சார்? டைனோசரு பூண்டோட பூடுச்சு. கரடி இன்னும் உசுரோட கீது. அப்போ கரடிதான ஜெயிச்சிருக்கு?"

"அது வேறப்பா. நேருக்கு நேர் நின்னா?"

டிக்கெட் வாங்க நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் ஹெல்மெட். இந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர் போல, "எந்த டைனோசர்ங்கிறதப் பொறுத்துங்க" என்றார். "பெரிய வேட்டை வகைன்னா கரடி ஒரு வாய்க்குக் காணாது. நாய் உசரத்துலயும் வேட்டையாடுற வகை இருந்துச்சு. அதுன்னா கரடி ஒரு அறை விட்டா போதும். அதே மாதிரி, கரடியும் எந்தக் கரடின்னு பாக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். பழுப்பு மயிர், நெஞ்சில் வெள்ளைப் பட்டை.

"நம்ம ஊர்க் கரடிக்குத்தான் நெஞ்சுல வெள்ளை இருக்கும். ஆனா அது கறுப்பு" என்றார் அவர்.

"அப்ப நான் என்ன சார்?"

"தெரியலையே" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு டிக்கெட்டோடு உள்ளே போனார்.

மேனேஜர் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். யார் ஜெயிப்பது என்று முடிவாகாமலே சண்டை தொடங்கியது.

நான் அவன் வயிற்றில் அறைந்தேன். பலூன் போல உள்ளே போய் வெளியே வந்தது. அவன் திரும்பி வாலால் அடித்தான். பாதிப் பிள்ளைகள் கரடி கரடி என்றார்கள், மீதிப் பிள்ளைகள் டைனோசர். அவன் விழுவானா, நான் விழ வேண்டுமா என்று தெரியாமல் வட்டம் சுற்றினேன். திடீரென்று அவன் கழுத்து மடங்கியது. உடம்பு சுருங்கி, மொத்தமாக என் மேல் சாய்ந்து தரையில் சரிந்தான். தோற்றுவிடுவது என்று அவனாகவே முடிவெடுத்துவிட்டான் போல என்று நினைத்தேன். "கரடி வெற்றி" என்று மைக் அலறியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கைகளைத் தூக்கினேன்.

அப்போதுதான் கீழேயிருந்து குரல் கேட்டது.

"மாமே... ஜிப்பு... மாமே..."

கரடிக் கையால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. கையுறையும் சட்டையோடு சேர்த்துத் தைத்தது, கழற்ற முடியாது. வேறு வழி தெரியாமல் கரடித் தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து பல்லால் ஜிப்பை இழுத்தேன். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஒவ்வொரு குழந்தையாக அழ ஆரம்பித்தது.

அவன் வெளியே வந்தான். தலையெல்லாம் வேர்வை. என்னையே பார்த்தான்.

"இன்னாத்துக்கு தலைய கழட்டுன?"

"நீதான ஜிப்பு ஜிப்புன்னு கத்துன?"

"ஆக்டிங் மாமே அது. சாவ சொல்லோ எதுனா சொல்லணும்ல."

"சாகும்போது ஜிப்புன்னா சொல்லுவாங்க?"

வெளியே வரும்போது பிடித்த என் கரடிக் கையை அவன் இன்னும் விடவில்லை. அந்தத் தடித்த துணியைத் தாண்டி அவன் பிடியின் இறுக்கம் எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் ஓடி வந்து பேட்டரி போய்விட்டதா என்று கேட்டார். "இல்ல சார், நாந்தான் ஆஃப் பண்ணேன்" என்றான். மேனேஜர் அவனைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார்.

மறுநாள் இருவரையும் மாற்றிவிட்டார். "கரடிக்குள்ள இருக்கறது நீதான்னு பாத்துட்டாங்க. இன்னைக்கு நீ டைனோசர் போடு" என்றார். அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அவன் மட்டும் மறுபேச்சில்லாமல் கரடியை எடுத்துக்கொண்டான்.

கதவு திறக்கும் முன், அவன் எனக்கு டைனோசரை மாட்டி ஜிப்பை மூடிவிட்டுப் போனதும், கூடாரத்தின் பின்னால் நின்று நானே ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். துணி மெல்ல இறங்கி முகத்தில் ஒட்டியது. மூச்சு விட முடிந்தது. கழுத்து ஓட்டை வழியாகக் காற்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜிப்பைத் தேடினேன். அதன் பிடி வெளிப்பக்கம் மட்டும்தான். அது தெரிந்ததும், மூச்சு வந்துகொண்டிருந்தபோதே, மூச்சு வராதது போல இருந்தது. ஸ்விட்ச் எங்கே என்பதும் மறந்துபோனது.

யாரோ ஜிப்பை இழுத்தார்கள். அவன்தான். கரடி வேஷத்தை இன்னும் மாட்டவில்லை.

"உள்ள இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

அவன் கரடியை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் தார்ப்பாய் இழுத்துக் கட்ட ஓடினார்கள். நாங்கள் இருவரும் வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு டெல்லி அப்பளக் கடைக்குள் ஒதுங்கி, ஆளுக்கொரு பக்கமாக ஒரே அப்பளத்தை உடைத்துத் தின்றோம். நேற்று நிஜமாகவே பயந்தாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒட்டியிருந்த மிளகாய்ப் பொடியைத் தட்டிவிட்டு, பெரிய துண்டை என் பக்கம் நீட்டினான்.