கேக்குக்குள் ஒரு கத்தி

கேக்கின் வயிற்றைக் கரண்டியால் குடைந்து, அதற்குள் ஒரு கத்தியைப் படுக்க வைத்து, மேலே கிரீம் பூசி மூடினார் விருந்தாளியம்மா. தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடும் பக்குவம் அந்தக் கையில் இருந்தது. நடுவில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பழத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார்.

"எப்படி இருக்கு தம்பி? சாப்பிடத் தோணுதா, சந்தேகப்படத் தோணுதா?"

சாப்பிடத்தான் தோன்றுகிறது என்றேன். "அப்ப சரி" என்று பெட்டியை மூடினார்.

யாரும் பயப்பட வேண்டாம். கத்தி முனை மழுங்கியதுதான். கேளிக்கைப் பூங்காவின் வாசலில் பைகளைச் சோதிக்கிறார்களே, அந்தச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிப்பதுதான் அம்மாவின் உத்தியோகம். கொண்டுபோகக் கூடாத எதையாவது ஒளித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மாட்டினால் வாசல்காரர்களுக்கு வெற்றி. மாட்டாமல் உள்ளே போனால், பாதுகாப்பு மேலாளரின் அறைக்குப் போய்ப் பொருளை மேசையில் வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். பூங்காவின் அலுவலகத்தில் இவருக்கு வைத்திருந்த ரகசியப் பெயர் 'விருந்தாளி'. அம்மா என்பது மேல்வீட்டில் குடியிருக்கும் நான் சேர்த்துக்கொண்டது.

முன்பு ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறைகளுக்கு வெளியே உட்கார்ந்து திருட்டைக் கண்காணித்தவர். ஒரு சட்டைக்கு மேல் நாலு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருபவர்களின் நடையைப் பார்த்துப் பார்த்தே பாதி வித்தை கைவந்துவிட்டது. மீதி வித்தை சொந்தச் சரக்கு. மடக்குக் குடைக்குள் இரும்புக் கம்பி. குடத்தைப்போலப் பெருத்த பிளாஸ்கின் அடியில் பொம்மைத் துப்பாக்கி. ஒருமுறை குழந்தைப் பையில் அரிவாள் ஒன்றை வைத்து, அதன்மேல் நனைந்த டயப்பர் ஒன்றையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். டயப்பரை நனைத்தது குழாய்த் தண்ணீர்தான். ஆனால் சோதனைக் குச்சியோடு வந்த பையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, போங்கம்மா போங்கம்மா என்று வழிவிட்டானாம்.

"பயப்படாத மாதிரி நடிச்சா மாட்டிக்குவோம் தம்பி. எரிச்சலா இருக்கற மாதிரி நடிக்கணும். எரிச்சல்ல இருக்கற பொம்பளையை யாரும் நிறுத்த மாட்டாங்க."

அந்த எரிச்சலுக்காக, வரிசையில் நின்றபடி கைபேசியில் கணவரோடு சண்டை போடுவார். மறுமுனையில் நிஜமாகவே அவர் கணவர் இருப்பார், பூங்காவின் கார் நிறுத்தத்தில், வியர்த்து வழிந்துகொண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். ஒரு பொய் சொல்வதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிப்பவர். சண்டை போடச் சொன்னால் அவருக்கு வருவதெல்லாம் "சரிம்மா, சரிம்மா" மட்டும்தான். அதைக் கேட்டு அம்மாவுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்துவிடும். காரியம் சுலபமாக முடிந்துவிடும்.

இந்தச் சோதனையெல்லாம் ஜனங்களுக்கு உண்மையிலேயே பாதுகாப்புதானா என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. புருஷன் பெண்சாதி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் வெறும் கண்துடைப்பு, யானையையே டயப்பரில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விடலாம் என்றார் அம்மா. வாசலில் கூடை கூடையாகக் கத்தியும் பாட்டிலும் பிடுங்கி வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார் கணவர். மறுவாரம் அம்மா குடையோடு மாட்டிக்கொண்டு திரும்பினார். அன்றைக்கு இருவரும் கட்சி மாறி, அதே சூட்டோடு சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கேக் வைத்த நாளுக்கு வருகிறேன். வெளிச் சாப்பாடு எதையும் உள்ளே விடாத அந்த வாசலில் பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் சலுகை உண்டு. அந்தச் சலுகையில் புகுந்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் முதல்நாள் ஊறுகாய் ஜாடியின் மூடியோடு மல்லுக்கட்டியதில் அம்மாவின் மணிக்கட்டு பிசகிவிட்டது. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல், கார் நிறுத்தத்தைத் தாண்டி முதல்முறையாகக் கணவர் வாசலுக்கு வந்தார்.

அன்று சோதனை மேசையில் நின்றவள், சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண். நல்ல பெண்தான். அம்மாவிடம் ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்தவள். மூன்றாவது முறை ஏமாந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது அங்கே விதி. இதை முந்தின இரவு சாப்பிடும்போது அம்மாவே கணவரிடம் சொல்லியிருந்தார்.

அம்மா வெறுங்கையோடு முன்னால் போய்விட்டார். பின்னால் கணவர், பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு. அவர் அதை மேசையில் வைத்ததும் சுருட்டை மூடியைத் திறந்தாள், கேக்கைப் பார்த்தாள், சிரித்தாள்.

"யாருக்கு சார் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்லம்மா. உள்ள கத்தி இருக்கு."

"கேக் வெட்டற கத்தி உள்ள கடையிலயே தருவாங்க சார். நீங்க போங்க."

அவர் போகவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

"வெட்டற கத்தி இல்லம்மா. கேக்குக்குள்ள இருக்கற கத்தி."

அதற்கும் அவள் சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பெரியவர் நல்ல தமாஷ்காரர் என்று ஒருவர் பாராட்டவும் செய்தாராம். மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. செர்ரியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு விரல்களைக் கேக்குக்குள் விட்டு, கத்தியை இழுத்து எடுத்து, கிரீம் சொட்டச் சொட்ட உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. விசில் ஒலித்தது. சீருடைக்காரர்கள் நாலு பக்கமும் ஓடிவந்தார்கள். அவர் உடனே கைகளைத் தூக்கிவிட்டார். கத்தியிலிருந்த கிரீம் வழிந்து அவர் வழுக்கையிலேயே விழுந்தது. பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். 'விருந்தாளி' தன்னை யாரென்று காட்டிக்கொள்ளவே கூடாது என்பது உத்தியோகத்தின் முதல் விதி. அதைக் காற்றில் விட்டுவிட்டு, அவரு என் வீட்டுக்காரரு, விடுங்க, விடுங்க என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

மேலாளரின் அறையில் அவரையும் சேர்த்து நான்கு பேர் நின்றார்கள், கேக்கோடு. இதைப் பிடிபட்டதாக எழுதுவதா, தப்பிவிட்டதாக எழுதுவதா என்று மேலாளருக்குப் புரியவில்லை. சுருட்டை தலையைக் குனிந்துகொண்டு, நான் கண்டுபிடிக்கவில்லை, அவரேதான் எடுத்துக் கொடுத்தார் என்று உள்ளதைச் சொன்னாள். மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். இவ்வளவு நாள் இவர் ஜெயித்த ஒவ்வொரு ஜெயத்திலும் ஒருத்தர் தோற்றிருக்கிறார் என்பது, அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் மனதில் தைத்ததாம். என்னிடம் சொன்னார்.

"சார், இத்தனை வருஷமா என் பையைக் குச்சியால குத்தியிருக்காங்க, மெஷின்ல விட்டிருக்காங்க. யாருக்குப் பிறந்தநாள்னு ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்ல. இந்தப் பொண்ணு கேட்டா. கேட்டதுனாலதான் இவரு சொன்னாரு. அப்ப பிடிச்சது யாரு?"

மேலாளர் பேனாவைத் தாளில் வைத்தார். பிடிபட்டது என்று எழுதினார். சுருட்டையின் வேலை தப்பியது. அம்மாவின் வேலை போனது. வாசலில் அத்தனை பேரும் முகத்தைப் பார்த்தாகிவிட்டது, இனி விருந்தாளி எப்படி விருந்தாளியாக வர முடியும்?

திரும்பும்போது காரில் பாதி வழி வந்தாகிவிட்டது. கணவர்தான் மெல்ல ஆரம்பித்தார். பயத்தில் உளறியதாக நினைக்க வேண்டாம், ராத்திரியெல்லாம் யோசித்து வைத்துத்தான் சொன்னேன், அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். அம்மா அவரையே பார்த்தார். அவர் காதோரத்தில் இன்னும் கொஞ்சம் கிரீம் இருந்தது. "நினைச்சது நினைச்சீங்க, செர்ரியை ஏங்க அவ்வளவு பத்திரமா எடுத்து ஓரமா வச்சீங்க?" என்று கேட்டார். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்க, அவர் சிரிக்க, காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

பூங்கா விடைகொடுத்த விதம் அழகு. ஒருநாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க மூன்று சீட்டு அனுப்பினார்கள். மூன்றாவது ஆளாக நான் போனேன். வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவின் பையை அத்தனை பேரும் கூடிச் சோதித்தார்கள். சீப்பின் பற்களைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்கைக் கவிழ்த்தார்கள். குடையை விரித்து அதன்கீழே நின்றும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. நம்ப மாட்டேன் என்றாள் சுருட்டை. கடைசியில் கணவரிடம் போய், நீங்களாவது சொல்லுங்க சார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினாள். அவர் தண்ணீர் குடிக்காமலேயே, ஒன்றும் இல்லை என்றார். அதன் பிறகுதான் விட்டார்கள்.

இத்தனை வருஷம் இந்த வாசலுக்குள் நுழைந்தும் அம்மா ஒரு ராட்டினத்திலும் ஏறியதில்லை. மேலாளர் அறைக்கு அப்பால் பூங்கா எப்படி இருக்கும் என்றே தெரியாது. நேராக ரோலர் கோஸ்டருக்கு நடந்தார். முன்வரிசைப் பெட்டியில் முன்பின் தெரியாத இரண்டு கல்லூரிப் பெண்கள். அடுத்ததில் இவர்கள் இருவரும். அதற்குப் பின்னால் கண்களை இப்போதே மூடிக்கொண்ட நான். மடியை அழுத்தும் இரும்புக் கம்பிகள் இறங்கிப் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. அம்மா தன் கம்பியைப் பிடித்து இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தார். பிறகு கணவரின் கம்பியை உலுக்கினார். வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் முன்னால் எக்கி, அந்தப் பெண்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அவர்களுடைய கம்பியையும் ஒருமுறை உலுக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.