வரிப்புல்லும் தங்கபாயும்

செழித்து நிற்கும் பச்சைப் புல்லைத் தோட்டக்காரி ஒருத்தி பிடுங்கிக்கொண்டு போனால், அதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இதை ஊரார் கேட்டபோது, பள்ளிப்படிப்பை முடித்திருந்த எனக்கும் பதில் தெரியவில்லை. தங்கபாய்க்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மிஷன் பங்களாத் தோட்டத்தில் அவள் பதினோரு வருடம் வேலை செய்தாள். பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணியம்மா கப்பலில் கொண்டுவந்த வரிப்புல் அவள் கையில்தான் பிழைத்தது. இடுப்பளவு உயரம், ஒவ்வொரு இலையிலும் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள். அந்தப் புல்லின் கோளாறைப் பார்த்துப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். தூரில் அவ்வப்போது கோடில்லாத முழுப்பச்சைக் குருத்து முளைக்கும். விட்டால் கிடுகிடுவென வளர்ந்து, வரியுள்ளதை நெருக்கிக் கொன்றுவிடும். ஆகவே பச்சையைக் கண்டதும் வேரோடு பிடுங்குவாள். அதை வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதே துரைசாணியம்மாதான்.

கொல்லம் ஆண்டு 1106-இல் அந்த அம்மாள் சீமைக்குப் போனார். தோட்டப் பொறுப்பு சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் ஞானசிங்கிடம் வந்தது. வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை அவர். பயிர் பச்சையாக இருந்தால் நல்லது, வெளுத்தால் நோய். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பங்களா வாசலில் தங்கபாயின் தலையில் பச்சைப் புல்கட்டைக் கண்டார். நல்லதைத் திருடிக்கொண்டு சோகை பிடித்ததை விட்டுவைக்கிறாள் என்றார். அவள் வாய் திறக்குமுன் கேட்டைச் சாத்தினார். அடுத்த ஞாயிறு கோயில் ஆராதனையில், சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் அவளைக் கள்ளி என்று அறிவித்து, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துப் பட்டியலிலிருந்து பெயரை வெட்ட வைத்தார்.

அன்று தங்கபாய் அழவில்லை. அவள் மிளகாய் அரைத்த அரைப்பில், அம்மிக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கத்து வீட்டு எலிசா எட்டிப் பார்த்தாள்.

ஞானசிங் வெளுத்த குருத்தையெல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கி எறிந்தார். பச்சைக்குச் சாணி உரம் போட்டார். ஐப்பசி மழை ஓய்ந்தபோது வரி ஒன்றுகூட மிச்சமில்லை. திரும்பிவந்த துரைசாணியம்மாவுக்குப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தங்கபாயை உடனே கூட்டிவரச் சொன்னார்.

ஞானசிங் அவள் வீட்டுப் பின்புறம் வந்து நின்றார். அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி தங்கபாய், நாளைக்கு வேலைக்கு வா. நடந்தத விடு.”

“கள்ளின்னு கோயில்ல வச்சுல்லா சொன்னீரு? அங்கயே மாத்திச் சொல்லும். வாறேன்.”

“சபைக்கு முன்னால நான் எப்பிடிச் சொல்லுவேன்? எனக்க மானம் என்னாவும்?”

“ஓ, மானம் உமக்கு மட்டுந்தான் உண்டும். எனக்கு நீரு தந்தது இந்த மீன் செதிலு. வழிய விடும்.”

கழுவிய தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினாள். அவர் போய்விட்டார்.

அவரும் மாற்றிச் சொல்லவில்லை, சபையும் கேட்கவில்லை. உண்மை தெரிந்த துரைசாணியம்மாகூட, உபதேசியாரின் மதிப்பு கெடுமே என்று பேசாமல் இருந்துவிட்டார். தங்கபாய் வயலில் களை பறித்துப் பிழைக்கிறாள். திருவிருந்து நாளில் எல்லோரும் எழுந்து முன்னே போகையில், பாயில் தனி ஒருத்தியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கோயிலில் சொல்லப்படாததை நீங்களாவது சொல்லுங்கள். சந்தையில், வண்டிப்பேட்டையில், நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லுங்கள்: தங்கபாய் புல்லைத் திருடவில்லை.