பஸ் வரும்வரை கேட்ட பாட்டுகள்

அம்மாவுக்கு எந்த சினிமாப் பாட்டும் முழுதாகத் தெரியாது. பல்லவியைப் பிசகில்லாமல் பாடுவாள். முதல் சரணத்தில் இரண்டு வரி, மிஞ்சிப் போனால் மூன்று வரி தேறும். அதற்கு மேல் மெட்டும் அவளுடையது, வார்த்தையும் அவளுடையது.

எல்லாம் முசிறி பஸ் ஸ்டாண்டு செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்பு அம்மா முசிறியிலிருந்து தினமும் திருச்சிக்குக் காலேஜுக்கு வந்துகொண்டிருந்தாள். பாட்டு கேட்டால் படிப்பு கெட்டுவிடும் என்று அவள் வீட்டில் ரேடியோ வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. காலையில் அதில் நேயர் விருப்பம் ஓடும். ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் வாசித்து முடித்துப் பாட்டைப் போடுவார்கள். இவள் நின்று கேட்பாள். நன்றாக லயித்துக் கேட்கும் நேரத்தில் பஸ் வந்துவிடும். அதை விட்டால் முதல் வகுப்பு போய்விடும் என்பதால் ஏறித்தான் ஆகவேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால், பாட்டின் மீதியைக் குணசீலம் வருவதற்குள் அவளே முணுமுணுத்து முடித்துவிடுவாள்.

அந்த மீதிகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் காலை முழுவதும் பாட்டு இருக்கும். அம்மா பாதிச் சரணத்தைத் தாண்டியதும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆச்சு, பஸ் வந்துடுச்சு. இனிமே உங்கம்மா சொந்தக் கம்பெனி" என்பார். அம்மா பாட்டை நிறுத்தாமலே கரண்டியை அவர் பக்கம் ஓங்குவாள்.

அதில் ஒரு பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடாத படம் ஒன்றில் வந்தது. அதற்குப் பிறகு ரேடியோவில்கூட அதை நாங்கள் கேட்டதில்லை. வெளியூர் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். பல்லவி பரவாயில்லை ரகம். அம்மா தானாகப் போட்டுக்கொண்ட சரணம்தான் பாட்டே. இறங்கி இறங்கிப் போய், இனி எழுந்திருக்காது என்று நாம் நினைக்கும்போது ஒரே மூச்சில் மேலே போகும். வார்த்தை என்னவோ, "குழாயில தண்ணி நின்னுபோச்சு, குக்கர் கத்தி ஓஞ்சுபோச்சு, நீ எங்க போனே" என்றுதான் இருக்கும். ஆனாலும் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். குக்கருக்காக அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்பா இறந்த பிறகு அம்மா வெகுநாள் பாடவில்லை. மறுபடி பாட ஆரம்பித்தபோது முதலில் வந்தது இந்தப் பாட்டுதான்.

போன வருஷம் நான் புது போன் வாங்கினேன். பழையதை அம்மா வைத்துக்கொண்டாள். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் கேட்ட பாட்டு வரும் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாட்டின் முதல் வரியைச் சொல்லி, "இதைக் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெஷினுக்கு எதுக்கும்மா மரியாதை?" என்றேன்.

"கேட்டு வாங்கறோம்ல? மரியாதையா கேட்டா என்ன குறைஞ்சுடும்?"

அந்த மாதம் முழுக்க வீட்டில் திருவிழாதான். விட்டுப்போன சரணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். "இதுல மூணு சரணம் இருக்குடி! கடைசியில அவனும் சேர்ந்து பாடறான்டி!" என்று நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்து சொல்வாள். தான் பாடி வந்ததையும் அசலையும் ஒப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் கூடச் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததே என்று மனது நிறைந்துதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டும் கிடைத்துவிட்டது. யாரோ புண்ணியவான் பழைய இசைத்தட்டிலிருந்து ஏற்றியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பல்லவி அம்மா பாடியபடியே வந்தது. சரணம் வந்தது. அது எங்கேயும் இறங்கவில்லை, எங்கேயும் ஏறவில்லை. பல்லவி போட்ட பாதையிலேயே சமர்த்தாகப் போய் முடிந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். "எவ்வளவு அழகா இருக்கு பாரு. நான் என்னத்தையோ கத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

"உன்னோடதுதாம்மா நல்லாயிருக்கு."

"போடி பைத்தியம்" என்று மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

நான் விளையாட்டுக்குச் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் அசல் பாட்டுதான். தோசைக்கு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிப் பல்லவி வரை ஒழுங்காகப் பாடி முடிப்பாள். குழாயும் குக்கரும் எங்கோ போய்விட்டன. என் போனில் கோபுரத்தின் படம் எத்தனையோ இருக்கிறது, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த வீடியோ இருக்கிறது. அம்மா அந்தச் சரணத்தைப் பாடியது ஒன்றுகூட இல்லை. தினம் காதில் விழுகிற ஒன்றை யார் எடுத்து வைக்கிறார்கள்?

ஒரு சாயங்காலம் போனை எதிரில் வைத்து, பழையபடி பாடச் சொல்லிக் கெஞ்சினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். பல்லவி முடிந்ததும் அசல் சரணம் வந்தது. "இரு, இரு" என்று திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும் அதுவேதான் வந்தது. குக்கர் வார்த்தைகளை நான் எடுத்துக் கொடுத்தேன். அசல் மெட்டில் குக்கரை வைத்துப் பாடிப் பார்த்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

"விடேன்டி. தப்பா பாடினதைப் பிடிச்சு வெச்சு என்ன செய்யப்போறே?"

"அது தப்பில்லம்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மெதுவாக, "நிஜமாவே வரலைடி. அது எப்படிப் போகும்னே மறந்துடுச்சு" என்றாள். நான் கேட்டதைத் தரமுடியாமல் போய்விட்ட வருத்தம் அவள் குரலில் இருந்தது. அதற்கு மேல் நான் அவளை வற்புறுத்தவில்லை.

எனக்கு நினைவிருக்கிறது என்ற தைரியம்தான். வேறு யாருக்கும் தெரியாத பாட்டு, சின்ன வயதிலிருந்து கேட்டது, எங்கே போய்விடப்போகிறது என்று இருந்தேன். போன வாரம் அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சமையலறையில் தனியாக நின்று, அவள் பாடுகிற மாதிரியே அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். பல்லவி வந்தது. சரணத்தில் எந்த இடத்தில் இறங்கும் என்று யோசிப்பதற்குள் வாய் தானாகப் பாடிக்கொண்டே போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன்.

கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏன் நிறுத்திட்டே? சரியாத்தானே பாடறே!"