சோப்பு நுரையில் சிக்கிய ஓட்டை

சங்ககிரி பைபாஸில் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் வசந்தாமணிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் லாரிகள் கழுவியிருப்பாள்! ஆனால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் அவள் வாசலுக்கு வந்தது போன வாரம்தான். வாழப்பாடி சௌமியா பழைய வண்டியாக வாங்கி, சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடப் போகிறாளாம்.

"வெளிப்பக்கம் பூரா உங்க பொறுப்புக்கா" என்றாள். வசந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவினாள், பாலிஷ் போட்டாள், கூரை இணைப்புகளில் வெடித்துக் கிடந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தாள்.

நேற்று மழை. மெத்தை நனைந்துவிட்டது. காலையிலேயே வண்டியோடு வந்து நின்றாள் சௌமியா. சாயங்காலம் முதல் சவாரி, ஜேடர்பாளையத்துக்கு.

"ஓட்டை கிடைக்கலேன்னா வேற இடம் பாத்துக்கறேன்க்கா."

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. "நான் வச்ச பசை ஒழுகாதுங்க அம்மிணி! வண்டி கட்டுனவன் கோளாறுங்க!" என்று பொரிந்து தள்ளினாள்.

ஓட்டையை எப்படிப் பிடிப்பது? டியூபில் பஞ்சர் பார்ப்பதில்லையா! ஜன்னலை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் புளோயரைச் செருகி உள்ளே காற்றை ஏற்றினாள். வெளியே சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஏணியில் ஏறினாள். கூரையில் ஒரு குமிழிகூட இல்லை. வண்டியின் முன்நெற்றிக்கு வந்தாள். புசுபுசுவென்று நுரை!

"சிக்கிருச்சுங்கோ அம்மிணி! ஓடியாங்க!"

கத்தின பிறகுதான் பார்த்தாள். அடக் கொடுமையே! நுரை வந்தது திருஷ்டி பொம்மையின் ஸ்குரூ அடியில். இத்தனை அழகு வண்டிக்குக் கண் படாதா என்று, யாரையும் கேட்காமல் லாரிக்கு அடிப்பது போல டிரில் போட்டு மாட்டியது சாட்சாத் அவள்தான்.

சௌமியா ஏணியடியில் நின்றாள். நுரையைத் துடைத்துவிட்டு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வசந்தாமணிக்கு மனசு வரவில்லை.

"நாந்தானுங்க போட்டேன் ஓட்டை. ஊரான் மேல பழி போட்டேன் பாருங்க, என்னைய நாலு சாத்துங்க!"

சௌமியாவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிட்டது. "மொதல்ல அடைங்கக்கா."

வசந்தாமணி ஸ்குரூவைக் கழற்றி, துளையில் ரப்பர் பசையை அழுத்தி மூடினாள். பொம்மையைக் கயிற்றால் பம்பரில் கட்டினாள்.

"உள்ள போய் உக்காருங்க, நான் அடிச்சுப் பாக்கறேன்" என்று சௌமியா தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டாள். நாலு பக்கமும் தண்ணீர் தடதடவென்று அறைந்தது. வசந்தாமணி கூரையையே பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"அம்மிணி, இன்னுங் கொஞ்சம் அடிங்க!" என்று உள்ளிருந்து கூவினாள். "இருபது வருசத்துல இன்னைக்குத்தானுங்க வண்டி கழுவறப்ப நனையாம உள்ள உக்காந்திருக்கேன்!"