கழுவி அடுக்கிய கிழங்கு

மாத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் தீவன பீட்ரூட் போட்டது நான் சொல்லித்தான். உப்புத் தண்ணீரிலும் வளரக்கூடிய கிழங்கு அது. கால்நடை முகாமில் விதையும், எப்படி வளர்ப்பது, எப்படிச் சேமிப்பது என்று அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தாள் என் கைக்கு வந்தது. அதன்பிறகு அந்த மனையில் என் பேச்சுதான்.

அம்மாவிடம் இரண்டு உருப்படி இருந்தன: கறவையில் இருந்த சிவப்புப் பசுவும் அதன் கிடாரிக் கன்றும். அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவார், வேலை இருக்கிற நாளில். வேலை இல்லாத நாட்களில் பசுதான் எங்களுக்குச் சோறு போட்டது. வெயில் காலத்தில் புல்லும் கிடைக்காது, வைக்கோலும் நினைத்தபோது வராது. அந்தப் பசுவைக் கோடை தாண்ட வைக்க வேண்டும். கிழங்கு போட்டது அதற்காகத்தான்.

மழை ஓய்ந்ததும் மார்கழியில் விதைத்தோம். பங்குனியில் ஒவ்வொரு கிழங்கும் சொம்பு அளவுக்கு மண்ணுக்கு மேலே பிதுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, மாட்டுக்கு அல்வா கிண்டப் போறியா?"

"ஆமா, உனுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பறேன், துன்னு," என்றாள் அம்மா. "எம் பொண்ணு படிச்சிட்டு வந்து போட்டது. சும்மாவா?"

கேட்காதது போல நான் குனிந்து இலையை அறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

கிழங்கைப் பிடுங்கிக் குவித்ததும் அம்மா ஒன்றை எடுத்துப் புரட்டினாள். உள்ளங்கை கறுத்தது. எங்கள் பக்கம் அப்படித்தான், ஆலைப் புகையின் கரி எல்லாவற்றின் மேலும் படியும். கொடியில் காயும் துணியை உதறாமல் மடிக்க மாட்டோம். வாசலில் குடத்தைத் திறந்து வைத்தால் விடிவதற்குள் தண்ணீரில் கரி மிதக்கும். புல்லைக்கூடத் தொட்டியில் அலசித்தான் மாட்டுக்குப் போடுவோம்.

"பாரு, எம்மாங் கலீஜா கீது. கழுவிடலாமா? உன் பேப்பர்ல இன்னா போட்டுகீது?"

கழுவ வேண்டாம், மண்ணைத் தட்டிவிட்டு, நிழலில் காற்றுப் புகும்படி குவித்து வையுங்கள் என்று போட்டிருந்தது. அதைச் சத்தமாகவே படித்தேன். படித்த கையோடு, "இது கிராமத்துல இருக்கறவங்களுக்கு எழுதனதும்மா. அங்க வெறும் மண்ணு. இங்க கரி. கழுவு," என்றேன்.

மூன்று நாள் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தோம். கிழங்குகள் கடையில் விற்கும் பழம் போலப் பளபளத்தன. கொட்டகை மூலையில் அடுக்கி, மேலே கரி விழாமலிருக்கத் தார்ப்பாயை இழுத்து மூடி, சுற்றிலும் செங்கல் வைத்தேன். இனி ஒரு மாதத்துக்கு வரவேண்டாம் என்று அம்மா வைக்கோல்காரரிடம் சொல்லிவிட்டாள். மிச்சமிருந்த வைக்கோலோடு பசுவுக்குத் தினமும் மேலடுக்கிலிருந்து நாலு துண்டு மட்டும் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். கொட்டகையில் புளித்த வாடை அடித்தது. தார்ப்பாயை முழுதாக விலக்கினால் முகத்தில் அனல். அடியில் கைவைத்தேன், விரல் உள்ளே போனது.

"இன்னாடி இது, கொழகொழன்னு கீது?"

"ஈரத்தோட மூடனதுல வெந்துடுச்சும்மா."

நல்லதைப் பொறுக்கித் தனியே வைத்தோம். மறுநாள் அதிலும் பாதி மெத்தென்று ஆகியிருந்தது. வைக்கோலும் தீர்ந்திருந்தது. வைக்கோல்காரருக்குப் போன் போட்டேன். "நீங்கதானம்மா வேணான்னீங்க. நாலஞ்சு நாள் ஆவும்," என்றார்.

ஒரே நாளில் கிழங்கை அதிகம் போட்டால் மாட்டுக்கு வயிறு புளித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று தாளில் இருந்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப வேற இன்னாத்தப் போட? உன் பேப்பரப் போடவா?"

ராயபுரத்துக்கு வேலைக்குப் போக பஸ் பிடித்தேன். நான் போனபிறகு அம்மா இரண்டு கூடை நறுக்கிப் பசுவுக்குப் போட்டிருக்கிறாள். "அழுகிப் போறதுக்குள்ள அது வயித்துக்காவது போவட்டும்னு பாத்தேன்," என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் காலையில் பசு அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. சாணி தண்ணீராகப் போனது. மதியத்துக்குள் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், குளுக்கோஸ் ஏற்றினார். எவ்வளவு தின்றது என்று கேட்டார். அம்மா கைகளை விரித்துக் கூடையின் அளவைக் காட்டினாள். அவர் ஊசியைப் பெட்டியில் வைத்தார்.

அடுத்த நாள் தெருவிலிருந்து ஆறு பேர் வந்து, வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கினார்கள். "எந்திரி தாயி, எந்திரி," என்று அம்மா முன்னால் நின்று கூப்பிட்டாள். பசு நின்றது. அப்பா "வுடாத, வுடாத" என்று கத்தும்போதே முன்னங்கால்கள் மடிந்தன. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் மொய்க்கும் ஈயை ஓட்டுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றது. பத்து மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

வண்டி போனபிறகுதான் கிடாரி கத்துவது காதில் விழுந்தது. முந்தைய நாள் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த ஒரு கட்டுக் கீரைத்தண்டுக்குப் பிறகு அது எதுவும் தின்றிருக்கவில்லை. வைக்கோல் நாளைக்குத்தான் வரும். மூலையில் இன்னும் அழுகாத கிழங்கு பத்துப் பதினைந்து கிடந்தது. அதன் வாசனை பிடித்து, கயிறு கழுத்தை இறுக்க, கிடாரி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு நின்றது.

அம்மா ஒரு கிழங்கைக் கையில் எடுத்தாள். கோபமில்லாமல், எப்போதும் கேட்பது போலவே என்னைக் கேட்டாள்.

"ஒரே ஒரு துண்டு போடலாமா? நீ சொல்லு."

அரிவாள்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.